படத்துக்குத் தூக்கின கை

நொச்சிவிளை நடுநிலைப் பள்ளிக்கூடத்துக்கு ஸ்மார்ட் போர்டு வந்த அன்னைக்கு ஊரே வேலைக்குப் போகல. குட்டியானை வண்டியில படுக்கப் போட்டு வந்த பெட்டியை ஆம்பளைங்க இறக்க, ஹெட்மாஸ்டர் பொன்னுலிங்கம் சார் தேங்காய் உடைக்க, ஒருத்தர் சூடம் காட்ட, ஒருத்தர் சந்தனம் பூச, பிள்ளைங்க கை தட்ட, ஏழாங்கிளாஸ் சுவத்துல அதை மாட்டி முடிச்சாங்க. மாட்ட வந்த பையன் என்னத்தையோ தட்டி நீலக் கலர்ல ஒரு மலையைக் காட்டினான். மலையை மட்டும் காட்டிட்டு, அடுத்த ஊருக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டான். பாஸ்வேர்டு அவன்கிட்ட இருந்துச்சு. அவன் போன் நம்பர் யார்கிட்டயும் இல்ல.

எனக்குப் பேரு முப்பிடாதி. பஸ் ஸ்டாப்புக்கு எதிர்த்தாப்புல தையல் கடை வச்சிருக்கேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க யூனிபார்ம் முழுக்க என் மிஷின்லதான் ஓடும், என் மக இசக்கிப்ரியாவும் அந்த ஏழாங்கிளாஸ்லதான் படிச்சா. அதனால இந்தக் கதையை என்னைவிட நல்லாச் சொல்ல ஊர்ல ஆள் கிடையாது; அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்க, அவன் பஸ் நின்ன கதையை மட்டும்தான் சொல்லுவான்.

போர்டு வந்த மறுநாளே சார் என் கடைக்கு வந்தாரு. "முப்பிடாதி, போர்டுக்கு ஒரு உறை தைக்கணும். தூசி படக்கூடாது பாத்துக்க. வெல்வெட்டு போட்டு, ஓரத்துல லேஸ் வச்சு, பாக்க மங்களகரமா இருக்கணும்"னாரு. "பாடம் நடத்தும்போது கழட்டணுமே சார், பொத்தான் வைக்கவா, நாடா வைக்கவா?"ன்னு கேட்டேன். சார் கொஞ்சம் யோசிச்சாரு. "அடிக்கடி கழட்ட வேண்டி இருக்காது"ன்னாரு. அரக்குக் கலர் வெல்வெட்டுல தங்க லேஸ் வச்சுத் தச்சுக் குடுத்தேன். சாமிக்குச் சாத்துற பட்டு தோத்துச்சு போங்க.

உறைக்குள்ள போன போர்டு உறைக்குள்ளயேதான் இருந்துச்சு. அது வந்த அட்டைப்பெட்டிதான் நல்ல உபயோகத்துக்கு வந்துச்சு, சத்துணவு முட்டையை அதுலதான் அடுக்கினாங்க. அந்தப் பெட்டி மேல ஒரு படம் போட்டிருக்கும்: போர்டு நிறைய ஒரு இதயம், ரத்தச் சிவப்புல, பாதியாத் திறந்து உள்ள இருக்கிற அறையெல்லாம் தெரியிற மாதிரி, அதைச் சுத்தி வெளிநாட்டுப் பிள்ளைங்க வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு. முட்டை வாங்கப் போறப்பல்லாம் என் மக அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு நிப்பாளாம். அது எனக்கு ரொம்பப் பின்னாலதான் தெரிஞ்சுது.

இதுக்கு நடுவுல மேலிடத்துல ஒரு ஆப் விட்டாங்க. ஸ்மார்ட் கிளாஸ் நடக்குதுன்னு தினம் படம் பிடிச்சு அதுல ஏத்தணும். எந்த இடம், எத்தனை மணின்னு அதுவே பதிஞ்சுக்கும். படம் ஏத்தாட்டி மெமோ வரும். பாடம் நடத்தாட்டி ஒண்ணும் வராது. ஆக, தினமும் காலையில பிரேயர் முடிஞ்சதும் ஹெலன் டீச்சர் உறையைக் கழட்டுவாங்க, சார் சுவிட்சைப் போடுவாரு, நீல மலை வரும், "எல்லாரும் சந்தேகம் கேக்கிற மாதிரி கையைத் தூக்குங்க, அந்த மாதிரி இல்லல, ஆசையாத் தூக்கு, ஏல கோமதிநாயகம், மூக்கை நோண்டாத"ம்பாரு, படம் பிடிப்பாரு, சுவிட்சை அமத்துவாரு, டீச்சர் உறையைப் போடுவாங்க. நடத்தின பாடம் படத்துல இருக்காது, படத்துல இருக்கிற பாடம் நடக்காது. அப்புறம் கரும்பலகையில கிளாஸ் ஆரம்பிக்கும், அதுவும் சாக்பீஸ் இருந்தா.

அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை படம் பிடிச்சாரு, ஆப்ல ஏத்தினாரு, மலை அணைஞ்சுது, உறையைப் போட்டாங்க, பிள்ளைங்க கையை இறக்கப் பாத்தாங்க, இறங்கல.

சேட்டை பண்ணுதாங்கன்னு சார் முதல்ல ஸ்கேலை எடுத்தாரு. அப்புறம் ஒருத்தன் கையைப் பிடிச்சு இழுத்துப் பாத்தாரு, பிள்ளை மொத்தமா வந்துச்சே தவிர கை வரல. கிளாஸ் முழுக்க வாழைத்தோப்பு மாதிரி கையா நிக்குது. ரஹ்மத்துன்னு ஒரு பொண்ணு மட்டும் கடைசி பெஞ்சுல இருந்து, "சார், ஒண்ணுக்குப் போவட்டா? அப்பலேர்ந்து கையைத் தூக்கிட்டு இருக்கேன்"னா. சார் இருந்த கடுப்புல "போய்த் தொலை"ன்னாரு. அவ கை இறங்கிருச்சு, ஓடிட்டா. கக்கூஸ் சாவி ஹெட்மாஸ்டர் ரூம்ல இருந்துச்சு, அதுவும் அதிகாரி வந்தாத்தான் திறப்பாங்க, பாவம் அந்தப் பிள்ளை வேலிக்குப் பின்னால போச்சு. அவ கை எப்படி இறங்குச்சுன்னு அன்னைக்கு ஒருத்தரும் யோசிக்கல.

சாயங்காலம் மணி அடிச்சு, தெருவோட பிள்ளைங்க வலது கையைத் தூக்கினபடி வரிசையா வந்தாங்க. நான் கடை வாசல்ல நின்னு பாத்தேன். "என்னட்டி இது?"ன்னேன். "இறங்கலம்மா"ன்னா இசக்கி. "சரி, வா, கை கழுவு, தோசை ஊத்துதேன்"னேன். நான் ஸ்டூல் மேல ஏறி நின்னு மேல தண்ணி ஊத்த, அது கை வழியா ஓடி, தலையில விழுந்து, கை கழுவப் போனவ குளிச்சே முடிச்சுட்டா. தோசையை நான் ஊட்டிவிட்டேன். ஊர்ல எல்லா வீட்டுலயும் அன்னைக்கு அப்படித்தான் ஊட்டினாங்க.

ஊரு இருக்கே, அது எதையும் தாங்கும், அதுலயும் லாபம் இருந்தா தூக்கி மடியில வச்சுக்கும். நொச்சிவிளைங்கிற பேரை ஊர்ப் பலகையில பாத்தாலே வேகத்தைக் கூட்டுற எக்ஸ்பிரஸ் பஸ்ஸெல்லாம், பிள்ளைங்க ரோட்டோரம் கையைத் தூக்கிட்டு நிக்கிறதைப் பாத்து, பிரேக் போட்டு நின்னுச்சு. இத்தனை வருசமா மனு குடுத்து வராத ஸ்டாப்பிங் கை தூக்கி வந்துருச்சுன்னு ஆம்பளைங்க டீக்கடையில குதூகலமாயிட்டாங்க. மாவாட்ட அரிசி குடுத்துவிட, பால் தூக்குவாளி மாட்டிவிட, மழைக்குக் குடை செருக, ஈரத்துணி காயப்போட, பெத்தவங்க ஒவ்வொருத்தரும் ஒரு உபயோகம் கண்டுபிடிச்சாங்க. கோயில் கொடைத் திருவிழாவுல எலுமிச்சம்பழ ஏலம் விடும்போது மட்டும் கோமதிநாயகம் முன்வரிசையில போய் உக்காந்து தொலைச்சுட்டான். ஏலம் கேட்டவரு அவன் தூக்கின கையைப் பாத்துப் பாத்து விலையை ஏத்த, தனக்குத் தானே போட்டி போட்டு அவனே ஜெயிச்சான். அவங்க அப்பன் அந்த எலுமிச்சம்பழத்தை இன்னும் பிரிட்ஜுல வச்சிருக்கான், பிழிய மனசு வரலையாம்.

எனக்கும் வேலைதான். கையைத் தூக்கினா சட்டை மேல ஏறி வயிறு தெரியுது பாருங்க, அதனால ஒவ்வொரு சட்டையிலயும் வலது கக்கத்துல தையலைப் பிரிச்சு, முக்கோணமா ஒரு துண்டு வச்சுத் தைக்க வேண்டியதாச்சு. கிளாஸ் முழுக்க தச்சேன். நல்லா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு மட்டும் நல்லா இல்ல, ஏன்னா என் மக சட்டைக்கு அளவெடுக்கும்போது டேப்பு பொய் சொல்லல. இசக்கியோட கை இளைச்சுக்கிட்டே வந்துச்சு. தொட்டா சில்லுனு இருந்துச்சு. ராத்திரி படுத்தாலும் அது தலைக்கு மேல நீட்டினபடியேதான் கிடக்கும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், டாக்டரம்மா அமுக்கிப் பாத்துட்டு, "மேல ரத்தம் சரியாப் போகல. மழைக்காலத்துக்குள்ள கையை இறக்கிருங்கம்மா. இல்லாட்டி சூம்பிரும், அப்புறம் இறங்கினாலும் பேனா பிடிக்காது"ன்னாங்க. எப்படி இறக்கணும்னு கேட்டேன். சத்து மாத்திரை எழுதிக் குடுத்தாங்க.

நேரா பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அங்க பொன்னுலிங்கம் சார் புதுச் சட்டையில உக்காந்திருக்காரு. விசயம் என்னன்னா, அந்த வியாழக்கிழமைப் படம் மேல போய், அதுக்கும் மேல போய், 'முழு வகுப்பும் பங்கேற்கும் பள்ளி'ன்னு பேராயிருச்சு. மத்த ஊர் ஹெட்மாஸ்டர்களை எல்லாம் கூப்பிட்டு, நொச்சிவிளையைப் பாருங்கய்யா, பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆர்வம்னு திட்டினாங்களாம். முன்மாதிரிப் பள்ளி விருது குடுக்க, பெரிய அதிகாரி நேர்லயே வரப்போறாரு.

"சார், என் மக கை சூம்புது"ன்னேன்.

"எல்லாம் சரியாயிரும் முப்பிடாதி. விழா முடியட்டும்."

"விழா என்னைக்கு?"

"தேதி இன்னும் வரல"ன்னாரு, கல்யாணப் பொண்ணு மாதிரி வெக்கப்பட்டுக்கிட்டு. என் வாயில நல்லா வந்துச்சு. மகளுக்காக முழுங்கினேன்.

அன்னைக்கு வீட்டுல சோறு ஊட்டும்போதுதான் இசக்கி சொன்னா. "ரஹ்மத்து மட்டும்தாம்மா நெசமாவே கேக்கத் தூக்கினா. கேட்டா, பதில் வந்துச்சு, இறங்கிருச்சு. நாங்க கேக்கவே இல்லல்லா."

"உனக்கு என்னட்டி கேக்கணும்? என்கிட்ட கேளு, நான் சொல்லுதேன்."

"உனக்குத் தெரியாதும்மா. அது போர்டு விசயம்."

விடிஞ்சதும் ஹெலன் டீச்சர் வீட்டு வாசல்ல போய் நின்னேன். நல்ல பொம்பளை, ஆனா தற்காலிக வேலை, எப்பவும் பாதி பயத்துலதான் சிரிப்பாங்க. இசக்கி சொன்னதை அப்படியே சொன்னேன். கிளாஸுக்குப் போய், கோமதிநாயகத்துக்கிட்ட, "உனக்கு என்னடா சந்தேகம்?"னு கேட்டிருக்காங்க. அவன் சுத்தியும் முத்தியும் பாத்துட்டு, "டீச்சர், இன்னைக்கு முட்டை உண்டுமா?"ன்னான். "உண்டு"ன்னாங்க. கை பொத்துனு விழுந்துச்சு. டீச்சருக்குக் கண்ணு கலங்கிருச்சாம். இன்னொரு பையன், நிலா ஏன் டீச்சர் நம்ம கூடவே வருதுன்னு கேக்க, டீச்சர் சொல்ல, அவன் கையும் இறங்க, அதுக்குள்ள சார் ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டாரு.

"டீச்சர்! என்ன பண்ணுதிய? விழா வருது, நீங்க கையை இறக்கிட்டு இருக்கிய?"

அன்னைக்கே உத்தரவு போட்டாரு. அதிகாரி வந்துட்டுப் போற வரைக்கும் எந்தப் பிள்ளையோட கேள்விக்கும் பள்ளிக்கூடத்துல யாரும் பதில் சொல்லக்கூடாது. வேற எந்த உத்தரவு போட்டாலும் நம்ம வாத்தியாருங்க சங்கத்துக்குப் போவாங்க, போராட்டம்பாங்க. இதை மட்டும் ஒரு முணுமுணுப்பு இல்லாம ஏத்துக்கிட்டாங்க. ஊர்க்காரங்களும் சார் பக்கம்தான். டீக்கடையில ஒருத்தன் என்கிட்டயே சொல்லுதான், "எக்கா, அவசரப்பட்டு இறக்கிராதீங்க, எக்ஸ்பிரஸ் நிக்குதுல்லா." ஏல, உன் பஸ்ஸுக்கு என் மக கைதான் கிடைச்சுதான்னு கேட்டு, கையில இருந்த கத்திரியைக் காட்டினேன். டீயைக் குடிக்காமலே போயிட்டான்.

வானம் கருக்க ஆரம்பிச்ச நாள்ல தேதி வந்துச்சு. பந்தல் போட்டாங்க, வாழை கட்டினாங்க, கக்கூஸைத் திறந்தாங்க, தண்ணி வந்துச்சு. கை இறங்கின பிள்ளைங்களைச் சமையல்கட்டுல உக்கார வச்சுக் கதவைச் சாத்தினாங்க. போர்டை ஏழாங்கிளாஸ்ல இருந்து மேடைக்குத் தூக்கிட்டு வந்து, பெரிய அதிகாரி கையால என் வெல்வெட்டு உறையை விலக்க, நீல மலை வந்துச்சு, எல்லாரும் கை தட்டினாங்க. அதிகாரி மைக்கைப் பிடிச்சாரு. கரும்பலகைக் காலம் போச்சுன்னாரு, உலகமே நொச்சிவிளைக்கு வந்துருச்சுன்னாரு, அவரு பேசப் பேச போர்டுல மலை அசையாம நின்னுச்சு. பேசி முடிச்சு, வீடியோக்காரனைப் பக்கத்துல கூப்பிட்டு, முன்வரிசையில நின்ன என் மககிட்ட குனிஞ்சு, "பாப்பாவுக்கு என்ன சந்தேகம்?"னு மைக்கை நீட்டினாரு.

பதிலுக்காக இல்ல, படத்துக்காகத்தான் நீட்டினாரு. அது அவளுக்குத் தெரியாது. அவ கேட்டுட்டா.

"சார், முட்டைப் பெட்டி மேல இந்தப் போர்டுல இதயம் திறந்து காட்டுற மாதிரி படம் இருக்கு. அதை நாங்க எப்ப சார் பாப்போம்?"

பொன்னுலிங்கம் சார் ஓடி வந்து மைக்கை வாங்கி, "தினமும் பாக்கோமே, நேத்துகூடப் பாத்தோம்லா கண்ணு, மறந்துட்டியா?"ன்னாரு. இசக்கியோட கை இறங்கல. இறங்காதது மட்டும் இல்ல, இன்னும் கொஞ்சம் மேல ஏறுச்சு, அவ குதிகால் தரையை விட்டு எழும்பிருச்சு. அதிகாரி தொண்டையைச் செருமி, "கூடிய சீக்கிரம் ஆவன செய்யப்படும்"னாரு. அவ கட்டைவிரல்ல நிக்குதா. ஆப் விசயமா வந்திருந்த ஒரு கண்ணாடிக்காரரு, "நெட்வொர்க் பிரச்சினை"ன்னாரு. என் மக முகம் வலியில சுருங்கிருச்சு. தோள்பட்டை கழண்டிருமோன்னு எனக்கு உயிரே போச்சு. "யாராவது ஒருத்தர் உண்மையைச் சொல்லித் தொலைங்களேன்! பிள்ளை கைய்யா அது!"ன்னு பந்தலுக்கு நடுவுல நின்னு கத்தினேன்.

அப்பதான் ஹெலன் டீச்சர் மேடை ஏறுனாங்க. மைக்கை வாங்கல, மைக் வேண்டியிருக்கல.

"இசக்கி, எனக்குத் தெரியலம்மா. அதுல பாடம் எப்படிப் போடணும்னு எனக்குத் தெரியாது. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. எங்களுக்கு யாரும் சொல்லித் தரல, நாங்களும் கேக்கல, கேட்டா கேவலம்னு நினைச்சு உறை போட்டு மூடி வச்சிருந்தோம். நீ எப்பப் பாப்பன்னும் எனக்குத் தெரியாது. இதுதாம்மா நெசம்."

என் மக கை விழுந்துச்சு.

ஓடிப் போய் மடியில வச்சுத் தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்க விரல் ஒண்ணொண்ணாச் சூடாச்சு. என் விரலை அது பிடிச்சுது. அவளைப் பெத்தப்பகூட நான் அப்படி அழல. அதுக்குள்ள மத்த பிள்ளைங்க எல்லாம் கத்திக் கத்திக் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க, சாக்பீஸ் ஏன் இல்ல, கக்கூஸ் நாளைக்கும் திறந்திருக்குமா, மீன் தூங்குமா, எங்க அப்பா எப்ப துபாய்ல இருந்து வருவாருன்னு. அதிகாரிகளுக்கு அடுத்த நிகழ்ச்சி ஞாபகம் வந்துருச்சு, கார் கிளம்பிருச்சு. டீச்சர் மட்டும் பொழுது சாயிற வரைக்கும் மேடையில உக்காந்து, தெரிஞ்சதைத் தெரியும்னாங்க, தெரியாததைத் தெரியாதுன்னாங்க. ரெண்டுக்குமே கை இறங்குச்சு.

மறுநாள்ல இருந்து எக்ஸ்பிரஸ் நிக்கல. அதுக்கு ஊரு திட்டினது டீச்சரைத்தான். துறையும் அவங்களுக்கு மெமோ குடுத்து, மலைமேல ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போட்டுச்சு. பொன்னுலிங்கம் சாருக்கு விருது வந்துருச்சு, ஏன்னா படம் ஏற்கனவே போயிருச்சே.

அடுத்த ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்தப்ப சுற்றறிக்கை வந்துச்சு. இனிமே ஸ்மார்ட் கிளாஸ் படத்துல பிள்ளைகள் கை தூக்கக்கூடாது; ஒழுக்கம் தெரியிற மாதிரி வாயில விரலை வச்சு உக்காரணும். முதல் நாளே எட்டாங்கிளாஸுக்குப் போன பிள்ளைகளையும் சேத்து உக்கார வச்சுப் படம் பிடிச்சாங்க. அன்னைக்குச் சாயங்காலம் பிள்ளைங்க தெருவோட வந்தாங்க, ஒருத்தரும் பேசல, எல்லார் விரலும் உதட்டு மேல. பெத்தவங்களுக்கு முதல்ல திக்குன்னு இருந்துச்சு, அப்புறம் வீடு இவ்வளவு அமைதியா இருந்து எத்தனை நாளாச்சுன்னு டிவியைப் போட்டுக்கிட்டாங்க.

கடைசியா இசக்கி வந்தா. வலது கை மேல இருந்துச்சு.

"பாவி மட்டை, திரும்பவுமா? விரலை வாயில வைக்கச் சொல்லலையா?"

"சொன்னாங்க. நான் வைக்கல."

"இறங்கலையாட்டி?"

அவ கையை இறக்கிக் காட்டினா. சும்மா, ஈ ஓட்டுற மாதிரி இறக்கினா. அப்புறம் மறுபடி தூக்கிக்கிட்டா.

"இறங்கும்மா. இன்னைக்கு யாரும் சொல்லாம நானாத் தூக்கினேன். சார் பாக்காத மாதிரி படம் பிடிச்சுட்டுப் போயிட்டாரு. நாளைக்கும் தூக்குவேன்."

ஆத்திரமா வந்துச்சு, பயமா வந்துச்சு, இந்தச் சனியன் யாரைக் கொண்டு பிறந்துச்சுன்னு வந்துச்சு. புது யூனிபார்ம், அன்னைக்குக் காலையிலதான் தச்சு முடிச்சது. கையைத் தூக்கி நிக்கவும் சட்டை ஏறி வயிறு தெரிஞ்சுது.

"கழட்டு அதை"ன்னு சொல்லிட்டு, கத்திரியை எடுத்து, வலது கக்கத்துல தையலைப் பிரிக்க ஆரம்பிச்சேன்.